மூளைக்கட்டி அறுவையும் கதிர்வீச்சும்: ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

மூளையில் கட்டி இருப்பதாகத் தெரிந்ததும், நோயாளியும் குடும்பத்தாரும் அதே வழியில் முன்பே போய் வந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்கத் தொடங்குகிறார்கள். விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் கூடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்ததாக ஒருவர் சொல்கிறார். மூன்று வாரம் பேச்சே வரவில்லை என்கிறார் இன்னொருவர். ஒருவருக்குக் கதிர்வீச்சு ஒரே நாளில் முடிந்திருக்கிறது, இன்னொருவர் ஆறு வாரம் நாள் தவறாமல் போய் வந்திருக்கிறார், மூன்றாமவரிடமோ 'இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்' என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவர்களில் யாரோ ஒருவருக்குத்தான் சரியான சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூவருக்குமே சரியான சிகிச்சை கிடைத்திருக்கக்கூடும்.

அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், பிறர் அனுபவத்தில் எந்தப் பகுதியைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம், எதைக் காதில் வாங்கிக்கொண்டு அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது பிடிபடும்.

ஒரே சொல்லுக்குள் நூறு நோய்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மூளை, தண்டுவடக் கட்டிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நுரையீரல், மார்பகம், தோல் போன்ற வேறு இடத்துப் புற்றுநோய் ரத்தத்தின் வழியே மூளைக்கு வந்து சேர்ந்திருந்தால் அது பரவல் கட்டி. மூளையிலோ, அதன் உறையிலோ, அங்கிருந்து கிளம்பும் நரம்பிலோ தோன்றியிருந்தால் அது முதன்மைக் கட்டி. பெரியவர்களிடம் எண்ணிக்கையில் அதிகம் பரவல் கட்டிகளே.

முதன்மைக் கட்டிகளுக்குள்ளும் இரண்டு பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாட்டின் அளவு தெரியும். மெனிஞ்சியோமா என்பது மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் தோன்றி, மூளையை வெளியிலிருந்து அழுத்துவது. பெரும்பாலும் மெதுவாக வளரும். ஓர் உருண்டைபோல ஒதுங்கி நிற்கும். கிளியோமா அதற்கு நேர்மாறு. மூளையின் துணைச் செல்களிலிருந்து தோன்றும் இது, துணியில் ஊறிய மையைப்போல, எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாதபடி நல்ல திசுவுக்குள் ஊடுருவியிருக்கும். இந்த இரண்டு நோயாளிகளும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில், ஒரே மாதிரி கட்டுப் போட்ட தலையுடன் படுத்திருக்கலாம். அந்தக் கட்டைத் தாண்டி அவர்களுக்குள் பொதுவானது அதிகமில்லை.

அடுத்தது தரம். மற்ற புற்றுநோய்களில் 'எந்த ஸ்டேஜ்' என்று கேட்பதுபோலப் பெரும்பாலான மூளைக்கட்டிகளில் கேட்க முடியாது. அவை மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே பரவுவது மிக அரிது என்பதால், எவ்வளவு தூரம் பரவியது என்ற அளவுகோல் இங்கே உதவாது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக வளரும் தன்மை உடையது என்பதை 1 முதல் 4 வரையான தரமாகக் குறிப்பார்கள். 'எனக்கு ஸ்டேஜ் 2' என்று ஒரு மூளைக்கட்டி நோயாளி சொன்னால், அவர் பெரும்பாலும் தரம் 2 என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

இதற்கும் மேலே, பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர்களே மாறிவிட்டன. முன்பெல்லாம் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மட்டும் பெயர் வைத்தார்கள். 2016இல் மரபணு மாற்றங்களும் பெயருக்குள் வந்தன. 2021இல் வெளியான, உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பில் அவற்றின் இடம் இன்னும் பெரிதாயிற்று. ஐ.டி.ஹெச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள ஒரு கட்டியை முன்பு கிளியோபிளாஸ்டோமா (கிளியோமாக்களில் மிகக் கடுமையானது) என்றே அழைத்திருப்பார்கள். இப்போது அதற்கு 'ஆஸ்ட்ரோசைட்டோமா, ஐ.டி.ஹெச். மாற்றம் கொண்டது, தரம் 4' என்று பெயர். கிளியோபிளாஸ்டோமா என்ற பெயர் அந்த மாற்றம் இல்லாத கட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுவிட்டது. மாற்றம் உள்ள கட்டிகள் பொதுவாக, இல்லாதவற்றைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. ஆகவே 'பத்து வருடத்துக்கு முன் எனக்குக் கிளியோபிளாஸ்டோமா என்றார்கள், இன்றுவரை நன்றாக இருக்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் அவருடைய கட்டிக்கு இன்றைய அறிக்கையில் வேறு பெயர் வந்திருக்கலாம். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவது, எண் மாற்றிய தெருவில் பழைய கதவு எண்ணை வைத்து வீடு தேடுவது போன்றது.

அளவைவிட இடம் முக்கியம்

'உங்களுடையது எத்தனை சென்டிமீட்டர்?' என்பது நோயாளிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. கேள்வி இயல்பானதுதான், பதிலால் கிடைக்கும் பயன் குறைவு. நெற்றிக்குப் பின்னால், மூளையின் மேற்பரப்பில் இருக்கும் ஐந்து சென்டிமீட்டர் மெனிஞ்சியோமாவை முழுதாக எடுத்துவிட முடியும். மூளைத்தண்டுக்குள் இருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கிளியோமாவைத் தொடுவதற்கே அறுவை மருத்துவர் தயங்குவார், ஏனென்றால் மூச்சு, விழுங்குதல், விழிப்பு ஆகியவற்றை நடத்தும் பாதைகள் அத்தனையும் அந்தக் கட்டைவிரல் பருமன் உள்ள இடத்தின் வழியே போகின்றன. இடது மூளையின் பேச்சுப் பகுதிக்கு அருகே இருப்பதும், வலது பக்கத்தில் அதே தொலைவில் இருப்பதும்கூட ஒன்றல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. மூக்கின் வழியாகவே போய் எடுத்துவிடுவார்கள். அவரும் 'மூளைக்கட்டி ஆபரேஷன்' என்றுதான் சொல்வார், தலையில் ஒரு தையலும் இருக்காது.

'முழுவதும் எடுத்துவிட்டோம்' என்பதன் பொருள்

அறுவை சிகிச்சைக்கு மூன்று நோக்கங்கள் இருக்கலாம்: திசுவை எடுத்து நோய் இன்னதென்று உறுதிசெய்வது, அழுத்தத்தைக் குறைப்பது, கட்டியின் அளவை இயன்றவரை குறைப்பது. இந்த மூன்றில் முதலாவதை மட்டும் செய்வது பயாப்ஸி. சிறு துளை வழியே ஊசி செலுத்தித் துளித் திசுவை எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள். பயாப்ஸி செய்துகொண்டவர் மறுநாளே எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, எலும்பைத் திறந்து பல மணி நேரம் அறுவை செய்துகொண்டவர் தான் ஏன் இன்னும் எழவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

எடுத்த அளவு பின்விளைவைத் தீர்மானிக்கிறது என்பது மெனிஞ்சியோமாவில் வெகு காலமாகத் தெரிந்த விஷயம். 1957இல் சிம்ப்சன் என்ற அறுவை மருத்துவர், கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் எவ்வளவு நீக்கினார்கள் என்பதை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார்; படி கூடக்கூட, அதாவது விட்டுவைத்தது கூடக்கூட, கட்டி திரும்ப வருவதும் கூடியது. கிளியோமாவில் 'முழுவதும் எடுத்தோம்' என்ற சொல்லுக்கு வேறு பொருள். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த பகுதி முழுவதையும் எடுத்தோம் என்பதே அது. படத்தில் தெரியாத செல்கள் சுற்றுத் திசுவில் இருக்கும் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கதிர்வீச்சு எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான். மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

எடுக்கும் அளவைக் கூட்ட இரண்டு வழிகள் பெரிதும் உதவியிருக்கின்றன. 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுத்தால், நீல ஒளியில் வீரியமான கிளியோமா இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், படத்தில் தெரிந்த கட்டியை முழுவதும் எடுக்க முடிந்தவர்கள் இந்த மருந்தால் 36 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடாக உயர்ந்தார்கள். மற்றது, நோயாளி விழித்திருக்கும்போதே செய்யும் அறுவை. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. தலைத்தோலுக்கும் உறைக்கும்தான் உண்டு. அவற்றை மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியைப் படங்களின் பெயரைச் சொல்லவும் எண்ணவும் விரலை அசைக்கவும் வைத்துக்கொண்டே, மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டுத் தொட்டு எங்கே பேச்சு நிற்கிறது என்று பார்ப்பார்கள். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் இந்த முறையால் மூளையின் வரைபடத்தையே வரைந்தார். கேட்பவருக்கு இது பயங்கரமாக இருக்கும். பேச்சுப் பகுதிக்கு அருகே கட்டி உள்ளவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து.

அறுவைக்குப் பிந்தைய நாட்கள்

இங்கேதான் பிறர் அனுபவம் உண்மையிலேயே கைகொடுக்கிறது. மருத்துவர் 'சற்று வீக்கம் இருக்கும்' என்று சொல்வதற்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு கண் திறக்கவே முடியாதபடி வீங்கிக் கன்னம் நீலம் பாரிப்பதற்கும் இடைவெளி அதிகம். நெற்றிப்பக்கம் திறந்தவர்களுக்கு இது சாதாரணம். சில நாட்களில் தானாக வடியும். காதுக்கு முன்னால் உள்ள தாடைத் தசையை விலக்கி அறுவை செய்திருந்தால், வாயை அகலத் திறக்க முடியாமல் சில வாரம் சிரமம் இருக்கும். எடுத்த எலும்பைத் திரும்ப வைத்துச் சின்னச் சின்ன டைட்டானியம் தகடுகளால் பூட்டியிருப்பார்கள். அது சேரும்வரை தலைக்குள் 'டிக்' என்ற சத்தமோ, நீர் நகர்வதுபோன்ற உணர்வோ சிலருக்கு வரும். தையல் ஓரத்தில் தோல் பல மாதம் மரத்துக் கிடக்கலாம். இவற்றைச் சொல்லித் தருவதில், ஏற்கெனவே அனுபவித்தவரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

மூன்று வாரம் பேச்சில்லாமல் போனவர் கதைக்கு வருவோம். நெற்றி மடலின் உட்புறத்தில், அசைவைத் தொடங்கிவைக்கும் துணை இயக்கப் பகுதி என்று ஒரு பகுதி உண்டு. அதை ஒட்டிய கட்டியை எடுத்தால், அறுவைக்குப் பின் எதிர்ப்பக்கக் கை கால் அசையாமலும் பேச்சு வராமலும் போகலாம். பார்ப்பவருக்குப் பக்கவாதம் வந்ததுபோலவே இருக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு நாட்களிலோ வாரங்களிலோ இது திரும்பிவிடுகிறது. சில நேரம் நுட்பமான குறை மட்டும் எஞ்சும். இயக்கப் பாதையே வெட்டுப்பட்டதால் வந்த செயலிழப்பு இப்படித் திரும்புவதில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. ஆகவே 'அவருக்கு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டதே' என்ற ஆறுதலும், 'அவருக்கு வரவே இல்லையே' என்ற அச்சமும், எந்த இடத்தில் அறுவை நடந்தது என்று தெரியாதவரை இரண்டுமே ஆதாரமற்றவை.

கதிர்வீச்சு: கூட்டுத் தொகையை ஒப்பிடக் கூடாது

பேச்சு வழக்கில் 'கரன்ட் வைப்பது' என்று சொன்னாலும், கதிர்வீச்சு சிகிச்சையில் நோயாளியின் உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. மிகுந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. வெளியிலிருந்து தரப்படும் இந்தக் கதிர் இயந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது. நோயாளியின் உடலிலிருந்து யாருக்கும் கதிர் பரவாது, குழந்தைகளைத் தூக்குவதிலும் தடையில்லை.

அளவைக் கிரே என்ற அலகால் குறிப்பார்கள். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே. கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான திட்டம் மொத்தம் 60 கிரே, நாளுக்கு 2 கிரே வீதம் 30 தவணைகள், வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம். வயது முதிர்ந்தவர்களுக்கு 15 தவணைகளில் 40 கிரே என்று சுருக்குவதுண்டு. மூளை முழுவதற்கும் தரும்போது 10 தவணைகளில் 30 கிரே என்பது பரவலான திட்டம். செவி நரம்புக் கட்டிக்கு, கதிரை ஒரே புள்ளியில் குவிக்கும் ரேடியோசர்ஜரி முறையில் ஒரே தடவையில் 12 அல்லது 13 கிரே போதும்.

'எனக்கு 60, அவருக்கு 13தான், அப்படியானால் என் நோய் ஐந்து மடங்கு மோசம்' என்று கணக்குப் போட்டுக் கலங்குபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு செல்லாது. கதிரைத் துண்டு துண்டாகத் தருவதன் நோக்கமே, ஒவ்வொரு தவணைக்கும் இடையில் நல்ல செல்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள நேரம் கொடுப்பதுதான். நல்ல திசுவுக்குள் ஊடுருவிய கட்டிக்கு இந்தப் பொறுமை தேவை. ஓரம் தெளிவாகத் தெரியும் சிறு கட்டிக்கோ, பல கோணங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவித்து ஒரே தடவையில் முடித்துவிடலாம். 1951இல் ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் முன்வைத்த கருத்து இது. காமா நைஃப் கருவி அதிலிருந்து பிறந்தது. பெயரில் கத்தி இருக்கிறது, வெட்டு எதுவும் கிடையாது. புரோட்டான் சிகிச்சையில் வேறொரு இயற்பியல்: எக்ஸ் கதிர் மறுபக்கம் வரை ஊடுருவிச் செல்கிறது, புரோட்டானோ குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எதிர்காலத்தில் நெடுநாள் வாழப்போகும் குழந்தைகளுக்கு இது பெரிய ஆதாயம். எல்லாப் பெரியவர்களுக்கும் அவ்வளவு ஆதாயம் உண்டா என்றால், நான் அறிந்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது.

முகமூடிக்குள் பத்து நிமிடம்

கதிர் மில்லிமீட்டர் கணக்கில் விழ வேண்டும் என்பதால் தலை அசையக் கூடாது. அதற்காக வலை போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். மெத்தென்று ஆனதும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, முகத்தின்மேல் இழுத்துப் பொருத்துவார்கள். முதலில் வெதுவெதுப்பான ஈரத்துணி போலிருக்கும். சில நிமிடங்களில் ஆறி இறுகி, மூக்கும் நெற்றியும் தாடையும் அச்சாகப் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் அதே முகமூடியை அணிவித்து, இரு காதுப் பக்கமும் மேசையோடு பூட்டுவார்கள். அந்தப் பூட்டு விழும் ஓசைதான் பலருக்கு மறக்காமல் நிற்கிறது. கதிர் பாய்வது சில நிமிடம் மட்டுமே. பொருத்திச் சரிபார்ப்பதற்கே மீதி நேரம் போகிறது. வெளியே வரும்போது நெற்றியில் வலையின் கட்டங்கள் பதிந்திருக்கும், அரைமணியில் மறைந்துவிடும்.

கதிர் பாயும்போது வலி இல்லை. ஆனால் மூடிய கண்ணுக்குள் நீலநிற ஒளி மின்னியதாகவும், குளோரின் போன்ற நெடி அடித்ததாகவும் சிலர் சொல்கிறார்கள். இது கற்பனை இல்லை. கண்ணுக்குள் கதிர் கடக்கும்போது பிறக்கும் செரன்கோவ் ஒளி அந்த மின்னலுக்கு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. கதிர்ப்பாதை கண்ணையும் மூக்கின் மேற்பகுதியையும் விட்டு விலகிப் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் வராமலே போகலாம். இரண்டு பேர் இதைப் பற்றிப் பேசினால், ஒருவர் மற்றவரைப் பொய் சொல்கிறார் என்று நினைக்க வாய்ப்புண்டு.

விளைவுகள் எப்போது வருகின்றன

கதிர்வீச்சின் விளைவுகளை ஒப்பிடும்போது செய்யும் பெரிய தவறு, காலத்தைக் கேட்காமல் விடுவது. மூன்று அலைகளாக அவை வருகின்றன.

1. சிகிச்சை நடக்கும் வாரங்களில்: முடி உதிர்வு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். கதிர் நுழையும் இடத்தில் மட்டுமின்றி, வெளியேறும் மறுபக்கத்திலும் ஒரு பட்டை உதிரலாம். தலை முழுவதும் கொட்டுவது மூளை முழுவதற்கும் கதிர் தரும்போதுதான். குமட்டல், தோல் சிவத்தல், அசதி ஆகியவையும் இந்தக் கட்டத்தில் சேரும்.

2. முடிந்த பிறகு சில வாரம் முதல் ஆறு மாதம் வரை: சிகிச்சை முடிந்த நாளில் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறோம், அசதியோ அதற்குப் பிந்தைய ஓரிரு வாரங்களில்தான் உச்சத்தைத் தொடுகிறது. சிலருக்கு நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருக்கும் நிலை வரும். பழைய குறைகள் தற்காலிகமாகத் தலைதூக்கும்.

3. ஆறு மாதத்துக்கு மேல், சில நேரம் பல ஆண்டு கழித்து: நினைவாற்றலும் சிந்தனை வேகமும் குறைவது, பிட்யூட்டரி ஹார்மோன்கள் குறைவது, கதிர்பட்ட திசு செத்துப்போவது. எவ்வளவு பரப்பில் கதிர் பட்டது, மொத்த அளவு என்ன, அப்போது வயது என்ன என்பவையே இதைத் தீர்மானிக்கின்றன. மூளை முழுவதற்கும் கதிர் தரும்போது நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியை ஒதுக்கித் தருவதும், மெமன்டின் மாத்திரை சேர்ப்பதும் இந்த இழப்பைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

முடிந்து ஒரு மாதம் ஆனவர் 'எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை' என்பதும், எட்டு ஆண்டு ஆனவர் 'எனக்கு மறதி அதிகம்' என்பதும் ஒன்றுக்கொன்று முரணான சாட்சியங்கள் ஆகாது. அவர்கள் நிற்கும் இடம் வேறு. அந்த எட்டு ஆண்டுக்காரர் பழைய இயந்திரத்தில், அகன்ற பரப்புக்குக் கதிர் வாங்கியவராகவும் இருக்கலாம்.

இரண்டாம் அலையில் வரும் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். கதிர்வீச்சும் டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரையும் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், சிலருக்குக் கட்டி பெரிதானதுபோலத் தோன்றும், பிறகு தானாகவே சுருங்கும். சிகிச்சையால் ரத்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டு வீக்கம் கூடுவதே காரணம். இதைப் போலி வளர்ச்சி என்பார்கள். உண்மையான வளர்ச்சியும் அதே காலத்தில் வரலாம், படமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலிருக்கும். அதனால்தான் மருத்துவர் உடனே சிகிச்சையை மாற்றாமல், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். 'அவருக்கும் பெரிதாகத் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை என்றார்கள்' என்று கேட்டு நிம்மதி அடைவதைவிட, மறு ஸ்கேன் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்வது மேல்.

கட்டியின் பேரில் எழுதப்படும் மாத்திரைக் கணக்கு

நோயாளிகள் கட்டிக்கோ கதிருக்கோ ஏற்றிச் சொல்லும் பல தொல்லைகள் உண்மையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்குச் சொந்தம். மூளை வீக்கத்தை இது விரைவாக வடியவைக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து இதற்கு இணையான மருந்து வரவில்லை. விலையும் அதற்கேற்ப உண்டு: இரவுத் தூக்கம் போகும், பசி கட்டுக்கடங்காது, முகம் வீங்கும், ரத்தச் சர்க்கரை ஏறும், எரிச்சல் கூடும். சில வாரம் சாப்பிட்டபின் தொடைத் தசை மெலிந்து, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போகும். கட்டி கூடித்தான் காலில் பலம் போயிற்று என்று அஞ்சுபவர்களில் சிலருக்கு மாத்திரையைக் குறைத்ததும் பலம் திரும்புகிறது. முகமூடி மூன்றாம் வாரத்தில் திடீரென இறுகுவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். ஆனால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும் என்பதால் இதைத் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். வலிப்புக்குத் தரும் லெவெடிராசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பவர்களாக மாற்றுகிறது என்பதையும் வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

எண்கள் யாரைப் பற்றிப் பேசுகின்றன

கிளியோபிளாஸ்டோமா பற்றித் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது 14.6 மாதம் என்ற எண். 573 பேரைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது அது. உயிர்வாழ்ந்த காலம் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம், டெமோசோலமைட்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இது இடைநிலை அளவு: பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும் என்பதே பொருள், யாருக்கும் குறித்துத் தரப்பட்ட கெடு இல்லை. அதே ஆய்வில் இரண்டு ஆண்டைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 ஆக உயர்ந்தார்கள். எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவின் தொடக்கப் பகுதி மூடப்பட்டிருந்தவர்களுக்கு மாத்திரையின் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, அந்த ஓர் எண்ணுக்குள்ளேயே பல குழுக்கள் இருந்தன.

அனுபவம் சொல்பவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பேசும் நிலையில் இருப்பவர்களே பேசுகிறார்கள். மெனிஞ்சியோமா எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பலர் மறந்துவிட்டுத் தம் வழியில் போய்விடுவார்கள். கடும் நோயோடு இருப்பவர்கள் பேச முடியாமல் இருப்பார்கள். நம் காதில் விழுவது நடுவில் உள்ளவர்களின் குரல்.

இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், காத்திருங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பிய மூன்றாமவருக்கும் ஆய்வின் துணை உண்டு. மெதுவாக வளரும் கிளியோமாவுக்கு உடனே கதிர் தருவதையும், வளர்ந்த பிறகு தருவதையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2005இல் வெளியானது. உடனே பெற்றவர்களுக்குக் கட்டி மறுபடி வளரும்வரையான காலம் 3.4 ஆண்டிலிருந்து 5.3 ஆண்டாக நீண்டது, வலிப்பும் குறைந்தது. ஆனால் மொத்த வாழ்நாள் 7.4, 7.2 என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வலிப்பு அடங்காதவருக்கு முதல் வழி பொருந்தும். தொந்தரவே இல்லாத இளம் வயதினருக்கு, கதிரின் நீண்டகால விளைவைத் தள்ளிப்போட இரண்டாம் வழி பொருந்தலாம். அதற்குப் பின் வந்த ஆய்வுகளால், மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கதிரோடு கீமோவும் சேர்ப்பது வழக்கமாகியிருக்கிறது. ஐ.டி.ஹெச். மாற்றம் கொண்ட தரம் 2 கட்டிகளுக்கு வோரசிடெனிப் என்ற மாத்திரையும் 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதே நோய்க்கு 2010இல் சிகிச்சை பெற்றவரும் இன்று பெறுபவரும் ஒரே தேர்வை எழுதவில்லை.

ஒப்பிடும் முன் கேட்க வேண்டியவை

1. நோய்க்கூறு அறிக்கையில் உள்ள முழுப் பெயர், தரம், மரபணுச் சோதனை முடிவு என்ன? அறிக்கை எந்த ஆண்டுடையது?

2. கட்டி எந்தப் பக்கம், எந்த மடலில்? நடந்தது பயாப்ஸியா, முழு அறுவையா? அறுவைக்குப் பின் ஓரிரு நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எவ்வளவு எஞ்சியிருந்தது?

3. கதிர் மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, கட்டிக்கு மட்டுமா, மூளை முழுவதற்குமா?

4. கூடவே என்ன மாத்திரைகள்? ஸ்டீராய்டு எவ்வளவு நாள்?

5. இப்போது பேசுபவர் சிகிச்சை முடித்து எத்தனை மாதம் ஆகிறது?

இந்த ஐந்தில் முதலிரண்டு ஒத்துப்போகாவிட்டால், 'எவ்வளவு நாள் இருப்பேன்', 'திரும்ப வருமா' என்ற கேள்விகளுக்கு அவர் அனுபவத்தில் விடை கிடையாது. முகமூடியைச் சமாளித்த விதம், தூக்கத்துக்கு ஸ்டீராய்டைக் காலையிலேயே சாப்பிடும்படி மருத்துவர் மாற்றித் தந்தது, அசதி நாட்களில் வேலையைப் பிரித்துக்கொண்டது போன்றவை ஐந்தும் ஒத்துப்போகாவிட்டாலும் பயன்படும்.

எவரோடும் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு: ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலியோடு வாந்தியும் மயக்கமும், புதிதாக வந்த கை கால் பலவீனம், தையலிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிவது, கழுத்து விறைப்போடு காய்ச்சல், அல்லது கீமோ மாத்திரை எடுக்கும்போது வரும் எந்தக் காய்ச்சலும், ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். கடைசி இரண்டும் தலையோடு தொடர்பில்லாதவை போலத் தோன்றுவதால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மூளைக்கட்டி உள்ளவர்களுக்குக் காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.